நீட்டுக் கட்டை

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். மதியத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம் பக்கம் பேச்சு திரும்பியது. லென்ஸ் தீட்டுகிறவர் டிவியில் செருகி ஆடும் பீரங்கி வண்டி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். பரங்கிப்பேட்டையில் இருக்கும் சிநேகிதர் வீட்டில் ஆடியதாம். கேசட்டை வாயால் ஊதி ஊதிச் செருகினால்தான் ஓடுமாம். பில் போடும் பெண் அவளுடைய அண்ணனோடு மோட்டார் சைக்கிள் ரேஸ் ஆடுவாளாம். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுவாளாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க என்னா ஆடனீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

கையில் வைத்து ஆடுவது, மேலே இருந்து கட்டை கட்டையாக விழும், அதை அடுக்க வேண்டும் என்றேன்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"லாரியில வந்துது" என்றேன். அவள் அதை என்னவென்று நினைத்துக்கொண்டாளோ தெரியாது. நானும் விளக்கவில்லை. டிபன் டப்பாவைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

அது வந்தது பழைய துணி ஏற்றிவந்த லாரியில்.

எங்கள் ஊர் கடலூர் முதுநகருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா காலையில் கரையில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு டவுனுக்குள் விற்கப் போவாள். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு மூன்று. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சிதம்பரம் மார்க்கெட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் மார்கழியில் தேர் பார்க்க எங்களைக் கூப்பிடுவார். அந்த வருடம் அம்மாவும் தம்பியும் வருவதாக இருந்தது. தம்பிக்குச் சளி பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று அம்மா என்னை மட்டும் பஸ் ஏற்றி விட்டாள்.

சனிக்கிழமை தேர் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை தரிசனம். பெரியம்மா எனக்கு ஒரு டஜன் ரப்பர் வளையலும் தம்பிக்கு ஒரு ஊதலும் வாங்கினார். கீழ வீதியில் நிற்கும்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஏற்பட்டது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தெருவரை கடல் வந்துவிட்டுப் போவதுண்டு. பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்த வேகத்தில் வளையல் பொட்டலம் எங்கேயோ விழுந்துவிட்டது. அதற்காக நான் வீடுவரைக்கும் அழுதேன்.

என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவர் கடலூருக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் வந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். தம்பிக்கு வாங்கிய ஊதலை அடுத்த இரண்டு நாளும் நானே ஊதிக்கொண்டிருந்தேன். சத்தம் போடாதே என்று என்னை யாருமே அதட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான்காம் நாள் அப்பா வந்து அழைத்துப்போனார். ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார். "தம்பி இல்லம்மா."

"எங்க போனான்?" என்று கேட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா அன்று நடுக்கடலில் இருந்தார். அங்கே ஒன்றுமே தெரியவில்லையாம். கரைக்குத் திரும்பும்போதுதான் தண்ணீரில் தட்டுமுட்டுச் சாமான்கள் மிதந்து வருவதைப் பார்த்திருக்கிறார்கள். கூரை, கட்டில், குடம், ஸ்கூல் பை. எங்கள் குப்பத்தில் பலர் போய்விட்டார்கள். நிறைய பேரைக் கண்டெடுத்து அடக்கம் செய்தார்கள். தம்பி கிடைக்கவில்லை. எப்படிப் போனான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "தண்ணி அடிச்சிக்கினு போயிட்டுது." அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். அம்மா ஒரு கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் என் தலையைத் தொட்டாள். காதைத் தொட்டாள். இரண்டு கைகளையும் எடுத்து விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணி சுற்றியிருந்தது. எப்படி அடிபட்டது என்று நான் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் ஏதாவது ஒரு இடத்தில் துணி சுற்றித்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து எங்களுக்குக் கொட்டாய் கொடுத்தார்கள். மேட்டில் வரிசையாகத் தார் ஷீட் போட்ட கொட்டாய்கள். வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது, தார் உருகிக் கையில் ஒட்டும். வெளியே உட்கார ஒரு மர நிழல் கிடையாது. அப்போதெல்லாம் தினமும் லாரி வந்தது. ஊர் பேர் தெரியாத மனிதர்கள் எங்களுக்காக அனுப்பியவை. அவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனாலும் குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டையும் ஒற்றைச் செருப்பும் ஜிகினா வைத்த பாவாடையும் தெருவெல்லாம் மலைமாதிரி குவிந்து கிடந்தன. ஆடுகள் அதன்மேல் ஏறி நின்றன.

ஒரு லாரியில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்றவளுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை கிடைத்தது. என் முறை வந்தபோது என் கையில் வைத்தது சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒரு சாமான். சின்னக் கண்ணாடி, நான்கைந்து பொத்தான். பின்னால் பேட்டரி மூடி இல்லை. வெள்ளைத் தாள் ஒட்டி அதில் பேனாவால் யாரோ ஒரு பையனின் பெயரும் ஆறாம் வகுப்பு பி பிரிவு என்றும் எழுதியிருந்தது. பொம்மைக்காரியிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அப்பாதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கேமு. பேட்டரி போட்டா ஓடும்" என்றார். நிவாரணத்தில் வந்த டார்ச் லைட்டைக் கழற்றிப் பார்த்தார், அந்த பேட்டரி பெரிதாக இருந்தது. கடைக்குப் போய் இரண்டு பென்சில் பேட்டரி வாங்கி வந்தார். மருத்துவ முகாமில் கொடுத்த பிளாஸ்திரியை மூடிக்குப் பதிலாக ஒட்டினார். பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்னப் பாட்டுச் சத்தம் வந்தது. அந்த வரிசையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எங்கள் கொட்டாய் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆட்டம் இதுதான். மேலே இருந்து ஒரு கட்டை இறங்கும். சதுரக் கட்டை வரும், கால் மடக்கிய கட்டை வரும், கோணல் கட்டை வரும். விழுவதற்குள் அதைத் திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அந்த வரிசை மறைந்துவிடும். மறையாமல் அடுக்கு மேலே தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. போகப்போகக் கட்டை வேகமாக விழும். நான்கு சதுரம் ஒரே நேராக இருக்கும் நீட்டுக் கட்டை எப்போதாவதுதான் வரும். ஓரத்தில் ஒரு சந்து விட்டு நான்கு வரிசை அடுக்கி வைத்திருந்தால், அந்த நீட்டுக் கட்டை இறங்கியதும் நான்கும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். அப்போது வருகிற சத்தத்தைக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் பாதிநாள்தான். சுற்றிலும் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். கொட்டாய் நிழல் நகர நகர நானும் நகர்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் மனதைச் சரி செய்ய என்று ஓர் அக்கா வாரம் இருமுறை வருவார். கலர் பென்சில் கொடுத்து மனதில் தோன்றுவதை வரையச் சொல்வார். அலை வரைந்தவர்களை அவர் அதிகமாகத் தட்டிக் கொடுத்ததால் எல்லோரும் அலையாக வரைந்து தள்ளினார்கள். நான் என் மனதில் இருந்ததைத்தான் வரைந்தேன். சதுரம் சதுரமாகக் கட்டைகள். அந்த அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது இடிஞ்சிபோன வீடாடா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு இரண்டு பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது.

அம்மாவிடமும் அவர் வந்து உட்கார்வார். "மனசுல இருக்கறத வெளிய சொல்லிடுங்கம்மா, பாரம் கொறையும்" என்பார். அம்மா தலையாட்டுவாள். கம்பத்தில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாதான் உலை வைத்தார். அவரும் வேலைக்குப் போகவில்லை. கடலில் யாரும் இறங்கவில்லை, இறங்கிப் பிடித்து வந்தாலும், பிணத்தைத் தின்ற மீன் என்று பயந்து அதைத் தின்ன ஊரில் ஆள் இல்லை.

ஒருநாள் தண்ணீர் வண்டி வந்ததும் நான் கேமைப் பாயில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அது அம்மாவின் கையில் இருந்தது. ஏதோ பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். கட்டைகள் தாறுமாறாக விழுந்து ஆட்டம் முடிந்துபோனது. மறுபடி அழுத்தினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். "இத அமுக்குனா திரும்பும். இது எடது, இது வலது. சந்து உடாம அடுக்கணும்மா."

அவள் சட்டென்று கற்றுக்கொண்டாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஓரத்தில் சந்து விட்டு அடுக்கினால் நல்லது என்று நான் சொன்னபோது, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "நீட்டுக் கட்ட எப்ப வரும்?"

வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவள் கேட்ட முதல் கேள்வி அது. அப்பா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அது எப்ப வேணா வரும்மா. சொல்ல முடியாது" என்றேன்.

அதன்பிறகு கேம் அம்மாவுடையதாகிவிட்டது. காலையில் எழுந்ததும் எடுப்பாள். அப்பா சோற்றைப் பிசைந்து தட்டைப் பக்கத்தில் வைப்பார், ஒரு வாய் தின்றுவிட்டு மறுபடி எடுப்பாள். கைக்காயம் இன்னும் சரியாக ஆறவில்லை, கட்டை விரலை அழுத்தும்போது முகத்தைச் சுளிப்பாள், ஆனாலும் நிறுத்தமாட்டாள். அவள் ஆடும் விதம் எனக்குப் பிடிக்காது. எல்லா ஆட்டத்திலும் ஓரத்துச் சந்தை அப்படியே காலியாக விட்டு அடுக்கிக்கொண்டே போவாள். நீட்டுக் கட்டை வராது. அடுக்கு பாதி உயரம் தாண்டிவிடும்.

"வேற கட்டையப் போட்டு அடச்சிடும்மா. தோத்துடுவ."

"இரு. வரும்."

"வராதும்மா."

"அந்த எடத்த அடைக்காத. வரும்."

அடுக்கு உச்சியைத் தொட்டு ஆட்டம் முடியும். அம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பேட்டரி தீர்ந்து கண்ணாடி மங்கும்போது அதைக் கண்ணருகே கொண்டுபோவாள். அப்பா போய் வேறு பேட்டரி வாங்கி வருவார்.

எதிர்க் கொட்டாயில் ஓர் அத்தை இருந்தார். அவருடைய புருஷனும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டவர். ஒருநாள் எங்கள் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "புள்ளயப் பறிகுடுத்தவ சின்னப் புள்ளயாட்டம் வெளாடிக்கினு இருக்கா. நாங்கல்லாம் பறிகுடுக்கலியா?" அம்மாவின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அப்பா எழுந்து வெளியே போய், "உடு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த அத்தை சொன்னது சரி என்றே பட்டது. என்னுடைய கேமைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிற அம்மாவை யாராவது நாலு வார்த்தை கேட்கட்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் புதுச் சீருடை கொடுத்து நிற்க வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள், தலை பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அந்தக் காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"இரு. இந்த ஒரு ஆட்டம்" என்றாள்.

உட்கார்ந்திருந்தேன். அந்த ஆட்டம் முடிந்தது. பாட்டுச் சத்தம் மறுபடி கேட்டது. "அம்மா" என்றேன். "இரு" என்றாள். பள்ளிக்கூட மணி அடித்தது. அலையில் போன குளியல் சோப்பு, சீப்பு எல்லாம் லாரியில் வந்து சேர்ந்துவிட்டன, என் தலையைப் பின்ன மட்டும் யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவிழ்ந்த தலையோடு ஓடினேன். டீச்சர் என்னைக் கடைசி வரிசையில் ஒரு உயரமான பையனுக்குப் பின்னால் நிறுத்தினார். படத்தில் நான் விழுந்திருக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கொட்டாய்க்குப் பின்னால் போயிருந்த நேரம். பாய்மேல் கேம் கிடந்தது. எடுத்தேன். மூலையில் நிவாரண அரிசி மூட்டை ஒன்று இருந்தது. அதன் வாயைப் பிரித்து, முழங்கைக்கு மேல் போகும்வரை கையை விட்டு, அடியில் கொண்டுபோய்ப் புதைத்தேன். மேலே அரிசியைத் தட்டிச் சமமாக்கினேன்.

அம்மா வந்து பாயை உதறினாள். துணி மூட்டையைக் கொட்டினாள். குடத்துக்குள் கைவிட்டுப் பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. விடிந்ததும் மறுபடி அதே பாய், அதே துணி, அதே குடம். சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அப்பா வலை கட்டுகிறவர்களோடு போயிருந்தார். கடைசியில் அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல."

"கையிலதான வெச்சிருந்தேன்" என்றாள்.

"எனக்குத் தெரியாது."

"கையிலதான இருந்துது" என்று மறுபடியும் சொன்னாள். இந்த முறை என்னிடம் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு செருப்புக்கூட போடாமல் வெளியே போனாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தேடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத் தேடட்டும் என்றும் நினைத்தேன்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் எதிர்க் கொட்டாய் அத்தை மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஒங்கப்பன் எங்கடி? ஒங்கம்மா கடக்கரைக்குப் போறா. கூப்டா நிக்க மாட்டேங்கறா."

அலை வந்ததிலிருந்து அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். அப்பா முன்னால் ஓடினார், நான் பின்னால், எனக்குப் பின்னால் அத்தை. மணல் காலைச் சுட்டது.

எங்கள் வீடு இருந்த இடத்தில் சிமென்ட் தரையில் பாதியும் துணி துவைக்கும் கல்லும் மட்டும் இருந்தன. முன்னால் எங்கள் தெருவுக்குப் பொதுவான அடிபம்ப் வளைந்துபோய் நின்றது. அந்த அடிபம்புக்குக் கீழே அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. ஈர மணல் சரிந்து சரிந்து மூடியது, அவள் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். கைக்காயம் பிரிந்து ரத்தம் மணலில் ஒட்டியிருந்தது.

அப்பா கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். நான்தான் போனேன். பயம் ஒரு பக்கம். அழுகை ஒரு பக்கம்.

"அம்மா, கேமு இங்க இல்லம்மா" என்றேன்.

அவள் நிமிரவில்லை.

"இங்கதான் உட்டேன்" என்றாள்.

"இங்க இல்லம்மா. நான்தான் ஒளிச்சி வெச்சேன். அரிசி மூட்டையில இருக்கு. நெசமா."

"இல்ல. இங்கதான். இந்த எடத்துலதான் கைய உட்டேன்."

அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கொட்டாய் அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் பார்த்தேன். ஒரு கேமைத் தொலைத்ததற்கு இவ்வளவா என்று இருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அரிசி மூட்டையில இருக்கும்மா, வாம்மா, எடுத்துத் தரேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அரிசிக்குள் கிடந்த கேமை நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா வாங்கவில்லை. நீயே ஆடு என்றாள். சில நாள் ஆடினேன், ஆனால் தனியாக ஆட எனக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் கொட்டாய் ஒழுகியபோது அதன் கண்ணாடியில் கறுப்பாக ஏதோ பரவி, கட்டைகள் தெரியாமல் போய்விட்டன. பின்னால் எங்களுக்கு வீடு கொடுத்தார்கள். அப்பா மறுபடி கடலுக்குப் போனார். அம்மா மறுபடி கூடை எடுக்கவில்லை, சிதம்பரத்துக்கு வந்து பெரியம்மாவோடு கருவாட்டுக் கடையில் உட்கார்ந்தாள். நானும் அங்கேயே படித்தேன். இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். தம்பியைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த லீவில், கடையில் வேறு யாரும் இல்லாத ஒரு மதியம், பெரியம்மாதான் என்னிடம் சொன்னார். அன்று அலை வந்தபோது அம்மா ஒரு கையால் அந்த அடிபம்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மறு கையில் தம்பி. ஏறி வந்த தண்ணீரில் அவள் விடவில்லை. தண்ணீர் திரும்பிப் போகும்போது ஒரு வேலி முள்கம்பி வந்து தம்பியைப் பிடித்திருந்த கையைக் கிழித்திருக்கிறது. "அம்மா, உடாதம்மா" என்று தம்பி கத்தினானாம். அடிபம்பைப் பிடித்த கையை விட்டிருந்தால் அவனோடு போயிருக்கலாம் என்றுதான் அம்மா பெரியம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

இது எதுவும் எனக்கு அந்தச் சனிக்கிழமை தெரியாது. பொய் சொன்னதற்கும் ஒளித்து வைத்ததற்கும் அன்று எனக்கு அடி நிச்சயம் என்றே நினைத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. அப்பா அம்மாவைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டார். அம்மா மணல் ஒட்டிய ரத்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டாய் இருக்கும் மேட்டுக்கு நடந்தோம். அவள் பிடியில் என் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கின. கொஞ்ச தூரம் பொறுத்துக்கொண்டேன். வழியில் பொம்மைக்காரியும் மற்ற பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், நாலாவது படிக்கிற என்னைச் சின்னக் குழந்தை மாதிரி இப்படிப் பிடித்து இழுத்துப் போவது எனக்கு வெட்கமாக இருந்தது.

"வலிக்குதும்மா. கைய உடு" என்றேன்.

அவள் விடவில்லை. இழுத்துப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன். "உடும்மா" என்று கத்தினேன். கொட்டாய் வந்து சேரும்வரை அவள் விடவே இல்லை. அந்தக் கோபத்தில் அன்று ராத்திரி நான் அவளோடு பேசாமலே படுத்துத் தூங்கிவிட்டேன்.